உப்பும் வெள்ளியும்: சென்னைக் கடற்கரையின் தொடக்ககால ஒளிப்படங்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

சென்னையின் பழைய படங்களைத் தேடும் எவரும் ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வர். மணல்மேட்டில் இழுத்துவைக்கப்பட்ட கட்டுமரம். அதன் அருகே இடுப்பில் ஒரு துண்டுத் துணியுடன் இரண்டு அல்லது மூன்று ஆண்கள். கையில் துடுப்பு. பின்னால் அலைகள் இருக்கவேண்டிய இடத்தில் வெண்புகை போன்ற ஒரு பட்டை. அதற்கு மேல் மேகமே இல்லாத வெற்று வானம். படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: சென்னைக் கட்டுமரக்காரர்கள். நிற்பவர்களின் பெயர் இல்லை. அவர்கள் அன்று எதற்காக அங்கே நின்றார்கள், நிற்பதற்கு ஏதேனும் கொடுக்கப்பட்டதா என்பதும் இல்லை.

1850களிலிருந்து 1900களின் தொடக்கம்வரை சென்னை மாகாணக் கடற்கரையிலும், அங்கிருந்து கப்பலேறிய தமிழர் சென்று சேர்ந்த கரைகளிலும் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைப் பற்றியது இக்கட்டுரை. அப்படங்கள் இன்று நம் சுவரொட்டிகளிலும் ஆய்வேடுகளிலும் நூல் அட்டைகளிலும் இடம்பெறுகின்றன. அவை எவ்வாறு உருவாயின, எந்தப் பொருள்களால் உருவாயின, எவருடைய உழைப்பில் உருவாயின என்று கேளாமல் அவற்றைப் பயன்படுத்தும்போது, படம் எடுத்தவனின் பார்வையையும் சேர்த்தே நாம் சுமந்து திரிகிறோம்.

கரையேறிய கண்ணாடி

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழ்கடலில் நங்கூரமிடும். அங்கிருந்து மனிதர், மூட்டை, கடிதம், பீங்கான், மதுப்புட்டி அனைத்தும் மசூலாப் படகில்தான் கரைசேர வேண்டும். மசூலாப் படகு ஆணி அறையப்படாதது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியது. அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். படகு மணலைத் தொட்டதும், ஐரோப்பியப் பயணிகளைத் தோளிலும் நாற்காலியிலும் தூக்கிக் கரையில் இறக்குவர். கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் 1860களின் தொடக்கத்தில்தான் கட்டிமுடிக்கப்பட்டது. துறைமுகச் சுவர்கள் கட்டும் பணி 1870களின் நடுவில் தொடங்கி, 1881 நவம்பர்ப் புயலில் பெருமளவு சிதைந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது.

இதன் பொருள் எளிது. ஒளிப்படக்கலை ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட 1839க்குப் பிந்தைய முதல் இருபது ஆண்டுகளில், சென்னைக்குக் கடல்வழி வந்த ஒவ்வொரு லென்சும், ஒவ்வொரு கண்ணாடித் தகடும், வெள்ளி நைட்ரேட் புட்டியும், அந்தத் தைத்த படகுகளிலேயே அலையைத் தாண்டியது. கரையோர உழைப்பாளர்கள் படமாவதற்கு முன்பே படக்கருவியைச் சுமந்தவர்கள். கலை வரலாற்று நூல்கள் ஒளிப்படக்காரர் சென்னைக்கு ‘வந்தார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அந்தச் சொல்லுக்குள் எத்தனை தோள்கள் இருந்தன என்பதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் செலுத்தியவர்கள் பட்டினவர் உள்ளிட்ட மீனவச் சமூகத்தினர். அவர்கள் மீதும் சாதி இழிவு சுமத்தப்பட்டது. ஆனால் அவர்கள் தலித்துகள் அல்லர். கரையில் மூட்டை சுமந்தவர்கள், சரக்கு இழுத்தவர்கள், கால்வாய் வெட்டியவர்கள், உப்பளத்தில் உழைத்தவர்கள், கப்பலேறிக் கூலிகளாகப் போனவர்கள் ஆகியோரிடையேதான் தலித்துகள் பெருமளவில் இருந்தனர். கடற்கரை என்றாலே படகும் வலையும் என்று காட்டும் ஒளிப்பட மரபில் முன்னவர் காட்சியாயினர். பின்னவர் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நின்றனர். இவ்வேறுபாட்டின் விளைவு இன்றும் தொடர்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

உப்பு, பஞ்சு, முட்டை, வெள்ளி

தொடக்ககால ஒளிப்படம் ஒரு வேதிப்பொருள் தொழில். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் உருவாக்கிய முறையில், தாளைச் சமையல் உப்புக் கரைசலில் தோய்த்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசினால், ஒளிபட்டுக் கறுக்கும் தாள் கிடைக்கும். அவ்வாறு அச்சிட்ட படங்களுக்கு உப்புத்தாள் அச்சு என்றே பெயர். உப்பு சென்னை மாகாணத்தில் சாதாரணப் பொருளன்று. 1805ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் ஏகபோகமாக்கியிருந்தது. உப்பளத்தில் வெயிலில் நின்று வாரியவர்களும் தம் கஞ்சிக்கு வேண்டிய உப்பை வரியோடு சேர்த்தே வாங்க வேண்டிய நிலை. அரசின் ஒளிப்படக்காரர் பயன்படுத்திய உப்பு எந்த அளத்திலிருந்து வந்தது என்பது நமக்குத் தேவையில்லை. ஒரு பொருள் ஒருவருக்குக் கலையின் மூலப்பொருளாகவும் இன்னொருவருக்கு வரிச்சுமையாகவும் ஒரே காலத்தில் இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறை வந்தபின் வேலை இன்னும் கடினமாயிற்று. அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துக் கிடைக்கும் பிசினைக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவி முடிக்க வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடங்களே கிடைக்கும். ஈதர் ஏறத்தாழ 35 பாகையில் கொதிக்கும் நீர்மம். சித்திரை மாதச் சென்னையின் நிழல் வெப்பமே அதைத் தாண்டும். எனவே கடற்கரையில் படமெடுப்பவர் ஓர் இருட்டுக் கூடாரத்தையும், கண்ணாடிப் பெட்டிகளையும், அமிலப் புட்டிகளையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடம் குடமாக நல்ல தண்ணீரையும் கூடவே கொண்டுபோக வேண்டும். கடல்நீர் உதவாது, அதிலுள்ள உப்பு வெள்ளிக் கரைசலையே கெடுத்துவிடும்.

இவற்றைச் சுமந்தவர் யார்? இமயமலையில் படமெடுத்த சாமுவேல் போர்ன் 1863ஆம் ஆண்டுப் பயணத்தில் தமக்குச் சுமார் முப்பது கூலிகள் தேவைப்பட்டதைத் தாமே பதிவுசெய்தார். மலைப்பயணம் என்பதால் அங்கே எண்ணிக்கை மிகுதி. ஆனால் தெற்கிலும் தன் கருவியைத் தானே சுமந்த துரை எவரும் இல்லை. தண்ணீர் சுமந்தவரின் சாதி என்ன, அவர் தொட்ட நீரைக் கூடாரத்துக்குள் வேலைசெய்த உதவியாளர் ஏற்றுக்கொண்டாரா, எந்தக் கிணற்றில் அவரை இறங்கவிட்டார்கள் போன்ற கேள்விகளை ஒளிப்பட வரலாற்றாசிரியர்கள் கேட்டதில்லை. சாதிக் கிணறுகள் நிறைந்த நாட்டில் பெருமளவு தண்ணீர் கோரும் ஒரு தொழிலைப் பற்றி இக்கேள்விகள் எழாமல் போனதே வியப்புக்குரியது.

அச்சுத்தாளின் கதையும் சுருக்கமாக: 1850க்குப் பின் முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் தாள் உலகெங்கும் பரவியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆலையொன்று 1880களில் நாளொன்றுக்கு 60,000 முட்டைகளைப் பயன்படுத்தியது. ஈரக்காற்று மிகுந்த கடலோரத்தில் இத்தாள்கள் மஞ்சளித்துப் பூஞ்சை பிடித்துப் போயின. இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி இலண்டனுக்குப் போய், குளிர்ந்த அலமாரிகளில் கிடந்து தப்பியவை. சென்னையில் தங்கியவை அழிந்தன. ஆகவே எஞ்சியுள்ள படத்தொகுதி என்பதே, ஆங்கிலேயர் ஊருக்கு எடுத்துச்செல்லத் தக்கவை என்று எண்ணியவற்றின் தொகுதிதான்.

கறுப்பு எங்கிருந்து வந்தது

இதைவிட நுட்பமான ஒரு செய்தி உண்டு. அக்காலத் தகடுகள் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல் உணரவில்லை. நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் அவை மிகுதியாக இணங்கின. சிவப்புக்கும் பழுப்புக்கும் ஏறக்குறையக் குருடாக இருந்தன. ஹெர்மன் ஃபோகல் 1873இல் சாயங்களைச் சேர்த்து இக்குறையைக் குறைக்க வழிகண்டார். முழுமையான தீர்வு இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதனால் நீலவானம் வெள்ளைக் காகிதமாக வந்தது. செம்மண் இருண்டது. வெயிலில் உழைத்த பழுப்புத் தோல், கண்ணால் காண்பதைவிடப் பல மடங்கு கறுத்து, முகத்தின் நுண்ணிய கோடுகளை இழந்தது. வெள்ளை வேட்டி அணிந்தவரின் அருகே வெற்றுடம்பினர் நின்றால் இருவருக்குமிடையே இருந்ததைவிடப் பெரிய இடைவெளியைத் தகடே உண்டாக்கியது.

அவ்வாறு பிறந்த கருமையைத்தான் பார்வையாளர் இனத்தின் உண்மையாக வாசித்தனர். வேதியியலின் குறை மானிடவியலின் சான்றாயிற்று. வெற்று வானத்தைக் குறையாகக் கருதி, வேறொரு தகட்டிலிருந்து மேகத்தை ஒட்டி அச்சிட்டுச் சரிசெய்த கலைஞர்கள் இருந்தனர். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் எடுத்த கடற்காட்சிகள் அதற்காகவே புகழ்பெற்றன. உழைப்பாளரின் முகத்தை மீட்க அந்த அளவு பாடுபட்டவர்கள் யார் என்று தேடினால் எவரும் அகப்படவில்லை.

அலைகள் புகையாகத் தெரிவதும், படகுகள் எப்போதும் மணலிலேயே நிற்பதும் இதே காரணத்தால்தான். ஒளிபடும் நேரம் நொடிக்கணக்கில் நீண்டதால் இயக்கத்தைப் பிடிக்க இயலாது. மசூலாப் படகுக்காரரின் திறமை முழுவதும் இயக்கத்தில் இருந்தது: எந்த அலையில் ஏறுவது, எந்த அலையை விடுவது, எப்போது துடுப்பை ஒருசேர இழுப்பது. அத்திறமை தகட்டில் பதியவில்லை. பதிந்தது, அசையாமல் நிற்கச் சொல்லப்பட்ட உடல் மட்டுமே.

கோயிலுக்குள் நுழைந்த கருவி

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியும், 1856இல் அமைந்த சென்னை ஒளிப்படச் சங்கமும் இத்தொழிலுக்கு அடித்தளமிட்டன. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857–58இல் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனச் சுற்றிவந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து ஒரே சுருளாக ஒட்டியது அவருடைய பெரும்பணி. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் செலவைக் காரணம்காட்டி அவர் பணியை நிறுத்திவிட்டார்.

டிரைப்பின் படங்கள் அழகானவை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஓர் ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மதுரைக் கோயில் வளாகத்தின் மண்டபங்களை அவர் கருவி 1858இல் பதிவுசெய்தது. தலித்துகளும் நாடார்களும் அக்கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். இடையே எண்பத்தோராண்டுகள். ஓர் ஆங்கிலேயரின் மரப்பெட்டியும், இலண்டனில் படத்தொகுப்பைப் புரட்டிய சீமாட்டியின் கண்ணும் நுழைந்த இடத்தில், அவ்வூரின் உழைப்பாளர் நுழைய முடியவில்லை. கடவுளின் மண்டபத்தைப் படமெடுக்க அரசு பணம் கொடுத்தது. சேரியைப் படமெடுக்க எவரும் அவரை அனுப்பவில்லை.

வகைமாதிரிகளும் பஞ்சமும்

சேரி மக்கள் படமானது வேறொரு தேவையால். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியாளருக்கு ஆளப்படுவோரை வகைபிரித்து அறியவேண்டியிருந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ நூல், 468 படங்களை ஒட்டிச் சாதி வாரியாக, குண விவரிப்போடு அளித்தது. நிக்கோலஸ் போன்ற சென்னை நிறுவனங்களும் ‘சுதேசி வகைமாதிரி’ப் படங்களை விற்றன. அங்கே ஒருவரின் முகத்துக்குக் கீழே இருப்பது பெயரன்று, சாதி. அரசருக்கும் ஜமீன்தாருக்கும் பெயர் இருந்தது. பார்ப்பனருக்கும் பறையருக்கும் சாதி இருந்தது. ஆனால் ‘பறையர்’ என்னும் தலைப்பு ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுச்சொல்லாகவும் ஆகிவிட்டிருந்தமையால், அந்தத் தலைப்பு விவரிக்கவில்லை, தீர்ப்பளித்தது.

1876–78 பெரும்பஞ்சத்தில் ஒளிப்படம் வேறொரு வேலையைச் செய்தது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் சென்னைப் படை அதிகாரி, எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் எடுத்த படங்கள் உலகமறிந்தவை. படமெடுத்தபின் அவர்களுக்கு உணவளிக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவரைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அதைவிட உறுதியாகப் பதிவானது 1886ஆம் ஆண்டுப் பர்மா நிகழ்வு: மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேற்றப்படும் கணத்தைப் பிடிக்கக் கருவியை நிறுத்தி அவர் படமெடுத்தது பிரித்தானிய நாடாளுமன்றம்வரை சென்று விசாரணைக்குள்ளாயிற்று.

ஹூப்பரின் பஞ்சப் படங்களில் இருப்பவர் யார்? சாதிக் குறிப்பு பெரும்பாலும் இல்லை. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள் என்பது அரசே ஒப்புக்கொண்ட செய்தி. நிவாரணப் பணியிடங்களில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் கூலியைக் குறைத்தார். சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பஞ்சக் கூலிகள் வெட்டியது. கால்வாய்க்கு ஆளுநர் பெயர் நிலைத்தது.

இங்கே நம் தோழர்கள் அடிக்கடி பகிரும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1877 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும் காட்சி அது. ‘ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் தானியம்’ என்ற குறிப்போடு அது சுற்றுகிறது. பஞ்ச ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியானது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அதே மாதங்களில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் சென்னைக்குப் பெருமளவு அரிசி கடல்வழி வந்திறங்கிக்கொண்டும் இருந்தது. மூட்டைகள் போகின்றனவா, வந்தனவா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. வந்தவை என்றே வைத்துக்கொண்டாலும் குற்றம் குறைவதில்லை. கூடுகிறது என்றே கருதுகிறேன். தானியம் கடற்கரையில் குவிந்திருந்தது. வாங்கும் காசு கூலிகளிடம் இல்லை. காசு கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் கூலியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உணர்ச்சிக்கு ஏற்ற படக்குறிப்பைவிட இந்த வாதம் வலுவானது. எதிராளியால் எளிதில் உடைக்க முடியாததும்கூட.

கடல் கடந்த முகங்கள்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பனை அடைந்தது. இத்தகைய கப்பல்களின் பெயர்ப்பட்டியலில் சாதிக்கு ஒரு பத்தி இருந்தது. ஊரைவிட்டுப் போனவரைச் சாதி துறைமுக எழுத்தர் வழியாகப் பின்தொடர்ந்து கப்பலேறியது.

இலங்கைக் கடற்கரையில் இன்னொரு காட்சி. இலக்கிய உலகம் போற்றும் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் களுத்துறைக்கு வந்து, 1879இல் இறக்கும்வரை அந்நாட்டில் வாழ்ந்தார். அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என ஒவ்வொருவருக்கும் பெயருண்டு. களுத்துறை வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தை அவர் எடுத்த படங்களுக்கும் பெயருண்டு. அதே வீட்டில், அதே கருவியால் எடுக்கப்பட்ட தொழிலாளர்களின் படங்கள் ஏறத்தாழ எல்லாமே பெயரற்றவை. அவர்களில் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் எனக் கருதப்படுகிறது. காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகப் படகில் வந்து, காட்டுவழி நடந்து மலையேறியவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கேமரனின் மென்மையான ஒளியும் கனிந்த பார்வையும் குறித்துக் கலை விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். அந்தக் கனிவு பெயரைக் கேட்கும் அளவுக்கு நீளவில்லை.

ஆயினும் இக்காலத்தின் மிக முக்கியமான கடலோரப் படங்கள் எவை என்று கேட்டால், கலை மதிப்பு ஏதுமற்ற ஒரு தொகுதியையே காட்டுவேன். அது மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில் உருவானது.

1834 முதல் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் நாலரை லட்சம் இந்தியர் சென்றனர். கணிசமானோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தக் காலத்தை முடித்தவர்கள் ‘பழைய குடியேறிகள்’ எனப்பட்டனர். சட்டப்படி அவர்கள் சுதந்திரமானவர்கள். தோட்ட முதலாளிகளுக்கு அந்தச் சுதந்திரம்தான் சிக்கல். மறு ஒப்பந்தத்துக்கு அவர்களை இழுக்க ஒரு கருவி தேவைப்பட்டது. 1867ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஒவ்வொரு பழைய குடியேறியும் தன் ஒளிப்படம் ஒட்டிய அடையாளச் சீட்டை எப்போதும் உடன்வைத்திருக்க வேண்டும் என்றது. காவல்துறையின் அனுமதிச் சீட்டு வேறு. சாலையில் நிறுத்தி இவற்றைக் கேட்பார்கள். இல்லையென்றால் நாடோடி என்று சிறை. பதிவுசெய்த மாவட்டத்தைத் தாண்டிப் போனாலும் கைது.

உலகில் உழைக்கும் மக்கள்மீது பெருந்திரளாகச் சுமத்தப்பட்ட ஒளிப்பட அடையாள அட்டைகளுள் இது மிக முற்பட்டது. இலண்டனிலும் பாரிசிலும் நடுத்தர வகுப்பினர் விருப்பத்தோடு ஸ்டுடியோவுக்குச் சென்று தம் உருவத்தை வாங்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், கூலித் தமிழன் கட்டாயத்தின் பேரில், தன் காசில், தன்னைச் சிறைப்பிடிக்க உதவும் படத்தை வாங்கினான். படம் தொலைந்தால் மறுபடியும் காசு. நகல் வாங்க நகரத்துக்கு நடக்கும் நாள்களின் கூலியும் போயிற்று.

எதிர்ப்பு எழுந்தது. அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியரின் துணையோடு 1871இல் பழைய குடியேறிகள் ஆளுநரிடம் ஒரு விண்ணப்பம் அளித்தனர். அதில் 9,401 பேர் ஒப்பமிட்டிருந்தனர். சீட்டுகள், அதற்கான செலவு, காவல்துறையின் வேட்டை என எல்லாவற்றையும் அது எடுத்துரைத்தது. பிளெவிட்ஸ் தோட்ட முதலாளிகளால் தெருவில் தாக்கப்பட்டார். 1872இல் அரச ஆணையம் வந்து விசாரித்தது. 1875இல் வெளியான அதன் அறிக்கை பெரும்பாலான குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. 1878இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒளிப்படம் என்னும் கருவியின் அதிகாரத்தைப் பற்றி ஐரோப்பிய அறிஞர் நூல் எழுதுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அதைப் பெருந்திரளாக எதிர்த்து ஒப்பமிட்டவர்கள் கரும்புக் கூலிகள்.

அளவுகோலும் பத்திரிகையும்

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1885இல் பொறுப்பேற்றவர். அவர் முதலில் மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் கடல் உயிர்களையும் பட்டியலிட்டார். பின்னர் மனிதரைப் பட்டியலிடத் தொடங்கினார். மூக்கின் அகலத்தை அளந்தார், தோலின் நிறத்தைக் கருவியால் குறித்தார், படமெடுத்தார். ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியான ஏழு தொகுதிகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சியதை அவரே வேடிக்கையாக எழுதியுள்ளார். அப்பெண்கள் சொன்னதில் வேடிக்கை ஏதுமில்லை. நடந்ததைச் சரியாகவே கணித்தார்கள்.

தர்ஸ்டன் தன் அளவுகோலோடு அலைந்த அதே ஆண்டுகளில்தான் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். படக்குறிப்பில் தீர்ப்பாக இருந்த சொல் இதழின் முகப்பில் ஆசிரியரின் சொல்லாக மாறியது. இத்தலைமுறையினரின் எஞ்சியுள்ள உருவப்படங்களைக் கவனியுங்கள்: தலைப்பாகை, பொத்தானிட்ட கோட்டு, நேரே கருவியை நோக்கும் கண். வெற்றுடம்பு வகைமாதிரிகளோடு அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் கோட்டு ஆங்கிலேயரைப் போலச்செய்யும் ஆசை என்ற ஏளனம் எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும். கட்டுமரக்காரரையும் சேரிப் பெண்ணையும் அச்சிட்ட வீல் அண்ட் கிளைன் போன்றோரின் அஞ்சலட்டைகள் சென்னைக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அணிந்த கோட்டு அது.

சட்டகத்தின் வெளியே

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் நடந்தது நம்மில் பலருக்கு நேரடி நினைவு. நிவாரணம் படகை இழந்தவருக்கும் வலையை இழந்தவருக்கும் என வரையறுக்கப்பட்டபோது, உப்பளத்திலும் வயலிலும் கழிமுகத்திலும் கூலிக்கு உழைத்த தலித்துகள் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து விடுபட்டனர், முகாம்களிலும் ஒதுக்கப்பட்டனர். மனித உரிமை அமைப்புகள் இதைப் பதிவுசெய்தன. கடற்கரை மக்கள் என்றால் படகுக்காரர் மட்டுமே என்ற எண்ணத்துக்குப் பல வேர்கள் உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக மணலில் படகை மட்டும் நிறுத்திப் படமெடுத்த பழக்கமும் அவற்றுள் ஒன்று.

ஆகவே பழைய படங்களைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கும் அமைப்பினருக்கும் ஒரு வேண்டுகோள். ஆவணக் காப்பகம் தந்துள்ள தலைப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போடாதீர்கள். அது எவர் எழுதிய தலைப்பு என்பதைக் குறிப்பிடுங்கள். படம் ஸ்டுடியோவிலா, வெளியிலா என்பதைப் பின்திரையைக் கொண்டு பாருங்கள். ஆண்டு தெரிந்தால், அக்காலத் தகட்டின் வேதியியல் தோலின் நிறத்தை எவ்வாறு மாற்றியிருக்கும் என்று எண்ணுங்கள். பஞ்சப் படங்களில் இருப்போரின் உடலை நம் வாதத்துக்கு அலங்காரமாக ஆக்காதீர்கள்; அவர்கள் இசைவு கேட்கப்படாதவர்கள்.

மொரீஷியஸில் பழைய குடியேறிகளின் பதிவேடுகளும் ஒளிப்படங்களும் இன்று மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. வேட்டையாடுவதற்காகவே எடுக்கப்பட்ட படங்கள் என்பதால், அவற்றுக்கு எண் உண்டு. எண்ணுக்கு நேரே பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், ஊர், கப்பல், வந்திறங்கிய நாள் உண்டு. நிக்கோலசின் வகைமாதிரிகளுக்கும் கேமரனின் களுத்துறைப் படங்களுக்கும் கிட்டாத விவரம் அது. கொள்ளுப்பாட்டனின் குடியேறி எண்ணை ஒரு பழைய திருமணச் சான்றிதழிலோ இறப்புச் சான்றிதழிலோ கண்டெடுத்த குடும்பத்தினர் அங்கே சென்று அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கிறார்கள்.